ஆலிகேட்ஸ் விலைபோனார்களா?

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஏற்பாட்டாளர் ஒருவர் முகம் சுளித்தார். “தமிழ்க் கூட்டத்துல பேண்ட் பத்திப் பேச என்னங்க இருக்கு?” என்றார். பக்கத்தில் இருந்தவர் அதற்கு நேர்மாறு. “லோகாவைப் பத்தி ஏதாச்சும் குறைச்சுப் பேசுனீங்கன்னா மேடையை விட்டு இறங்க முடியாது, பாத்துக்கோங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புதான். ஆனால் அதில் கொஞ்சம் நிஜ மிரட்டலும் இருந்தது. அந்த மிரட்டலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு குழுவின் பாட்டுப் போக்கு மாறினால் ரசிகனுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? ஆதரிக்கிறவனுக்கு ஏன் அதே அளவு வீறாப்பு வருகிறது? அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

ஆலிகேட்ஸ் குழுவை இங்கே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆறுமுகம் என்ற தகப்பனார் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட அண்ணன் தம்பிகள் டேவிட், ‘லோகா’ என்கிற லோகநாதன். பந்துபோல் சுருண்டு நிற்கும் தலைமுடி. பினாங்கில் பிறந்த குழு; தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று கலந்து நின்று வாசித்த குழு. 1970களில் ஹாங்காங்குக்குப் போய் அங்குள்ள இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாட்டு வாசித்தார்கள். 70களின் இறுதியில் நாடு திரும்பி மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் இந்த நாட்டில் அவர்கள் குரல் ஒலிக்காத வீடு இல்லை, பேருந்து இல்லை. ‘ஹிங்கா அகிர் நந்தி’, ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி’, ‘ஜிகா காவ் பெர்சிந்தா லாகி’ என்று பெயர்களைச் சொன்னால் போதும், இந்த மண்டபத்தில் பாதிப் பேர் மனசுக்குள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். 2007இல் லோகா நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். டத்தோ டேவிட் குழுவைக் கைவிடாமல் அதன் பிறகும் மேடை ஏறினார்.

ஆங்கில ராக்கும் சோலும் ஃபங்க்கும் வாசித்த குழு, மெல்லிய மலாய்க் காதல் பாட்டுக்குப் போனது. இதுதான் மாற்றம். இதைப் பற்றி நான் கேட்டு வளர்ந்த வழக்குகள் மூன்று. ஒன்று, அந்தக் காலத்தில் கிளப்புகளில் அவர்களை நேரில் கேட்டவர்களுடையது: “அப்ப இருந்த சூடு அப்புறம் இல்ல. ரேடியோவுக்காகக் குழைஞ்சுட்டாங்க.” இரண்டாவது, நம் ஆட்களுடையது: “தமிழன் வீட்டுப் பிள்ளைங்க. ஆங்கிலத்துல பாடுனாங்க, மலாய்ல பாடுனாங்க. தமிழ்ல பாட என்ன குறைச்சல்?” மூன்றாவது, மலாய்ப் பாட்டு வழியாகத்தான் அவர்களை முதலில் அறிந்தவர்களுடையது. அவர்களுக்கு இந்த வழக்கே புரியாது. “என்ன மாறிச்சு? அவங்க எப்பவுமே இப்படித்தானே?”

மூன்று பேரும் கேட்டது ஒரே குழுவை. ஆனால் ஒவ்வொருவரும் நுழைந்த வாசல் வேறு. எந்த வாசலில் நுழைந்தோமோ அதுதான் வீட்டின் முகப்பு என்று நினைத்துக்கொள்வது மனித இயல்பு. ரசிகச் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேயிருந்துதான் கிளம்புகிறது.

சரி, முதல் வழக்கை எடுத்துக்கொள்வோம். அந்தச் ‘சூடு’ எங்கேயிருந்து வந்தது?

பினாங்கு 1969 வரை சுங்கவரி இல்லாத் துறைமுகம். கப்பல்காரர்கள் வந்து போகிற ஊர். கடலுக்கு இந்தப் பக்கம், இதோ நமக்குக் கூப்பிடு தூரத்தில், பட்டர்வொர்த் விமானத் தளம். 1988 வரை அது ஆஸ்திரேலிய விமானப் படையின் பொறுப்பில் இருந்தது. அந்தக் குடும்பங்கள் தீவிலும் இந்தக் கரையிலும் வாடகைக்கு வீடெடுத்துக் குடியிருந்தன. வியட்நாம் போர் நடந்தபோது அமெரிக்கச் சிப்பாய்களை ஓய்வு விடுப்பில் பினாங்குக்கு அனுப்பினார்கள். இவர்களெல்லாம் மாலையானால் எங்கே போவார்கள்? மதுக்கூடம், ஓட்டல், கிளப். அங்கே என்ன கேட்பார்கள்? தங்கள் ஊர் வானொலியில் நேற்று வந்த பாட்டை. அந்தப் பாட்டைக் காதால் பிடித்து அச்சு அசலாக வாசிக்கிற உள்ளூர்ப் பையன்களுக்கு அங்கே வேலை இருந்தது, கூலி இருந்தது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் பலர் கித்தாரைக் கையில் எடுத்தது இப்படித்தான்.

கிளப்பில் வாசிக்கிற வேலை எப்படி இருக்கும் என்று அதைச் செய்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒரு இரவுக்கு மூன்று நான்கு சுற்று. மேசையிலிருந்து துண்டுச் சீட்டு வரும். அதில் எழுதியிருக்கும் பாட்டை வாசித்தாக வேண்டும். தெரியாது என்றால் அடுத்த மாதம் அந்த மேடையில் வேறு குழு நிற்கும். ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தாத வரைக்கும் பாட்டையும் நிறுத்தக் கூடாது. மூன்று நிமிடப் பாட்டை எட்டு நிமிடத்துக்கு இழுப்பார்கள். டிரம்ஸ்காரர் ஆடுதளத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். ஜோடிகள் களைத்து நாற்காலிக்குத் திரும்பும்போதுதான் முடிப்புக்குச் சைகை காட்டுவார். பாடகரின் வேலை, மூலப் பாடகரைப் போலவே பாடுவது. ‘சொந்தமாக ஒண்ணு பாடுறேன்’ என்று ஆரம்பித்தால் அந்த நேரம் பார்த்து எல்லாரும் கழிப்பறைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தச் சூடு உண்மைதான், நான் மறுக்கவில்லை. இரவு தவறாமல் நாலு மணி நேரம் வாசிக்கிற குழுவுக்கு வருகிற இறுக்கமும் லாகவமும் வேறெந்தப் பள்ளியிலும் கிடைக்காது. ஆனால் அது யாருடைய பாட்டு? அமெரிக்காவில் யாரோ எழுதி, யாரோ பாடி, விடுதி முதலாளி கேட்டு, வாடிக்கையாளர் சீட்டு எழுதிக் கொடுத்த பாட்டு. ‘பழைய ஆலிகேட்ஸ்தான் அசல்’ என்று நம் மூத்தவர்கள் சொல்லும்போது, பிறருடைய பாட்டைப் பிறருக்காகப் பாடிய காலத்தைத்தான் அசல் என்கிறார்கள். இந்த இடத்தில் வழக்கு தலைகீழாகிவிடுகிறது.

மலாய்ப் பாட்டுக்கு வந்தபோது என்ன நடந்தது? அவர்களுக்கென்றே மெட்டுப் போட்டார்கள், அவர்களுக்கென்றே வரி எழுதினார்கள். எம். நாசிர் அவர்களுக்கு மெட்டமைத்தவர்களில் முக்கியமானவர். பின்னாளில் இந்த நாட்டு இசையின் பெரும் ஆளுமையாக வளர்ந்தவர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அந்த மெட்டுகளை இந்த அண்ணன் தம்பிகளின் தொண்டையைக் கேட்டுவிட்டு அளவெடுத்ததுபோல்தான் அமைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டைக் கேட்டதும் ‘இது அவங்கதான்’ என்று சொல்லிவிட முடிந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அவர்கள் மிக நன்றாகப் பிறரைப் போல இருந்தார்கள்.

இதை நான் சொன்னபோது, பிறையில் கடை வைத்திருந்து இப்போது ஓய்வாக இருக்கும் அண்ணன் ஒருவர் மேசையைத் தட்டினார். “தம்பி, நீங்க கேசட் கேட்டுப் பேசுறீங்க. நான் ஆளை நேர்ல பாத்தவன். அந்தப் பையனுங்க நின்னா மேடை அதிரும். கேசட்ல மேடை அதிருமா?” என்றார். “அதிராதுண்ணே. ஆனா அந்த மேடையைப் பாத்தவங்க எத்தனை பேரு? கேசட்டைக் கேட்டவங்க எத்தனை பேரு?” என்றேன். “கூட்டத்தை எண்ணிப் பாட்டை எடை போடுறீங்களா?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான அடி. எண்ணிக்கையை வைத்து மாற்றத்தை நியாயப்படுத்தினால் அது வியாபாரக் கணக்கு. அதனால் அந்த வாதத்தை இங்கே நான் வைக்கப் போவதில்லை.

அவர் சொல்வதில் இன்னொன்றும் உண்டு. அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். பதிவுக்கூடத்துக்குள் போனதும் குழு என்ற ஒன்று கொஞ்சம் கரைந்தது. காதல் பாட்டின் வேகம் தணிந்தது. கித்தாரின் உறுமல் அடங்கியது. கீபோர்டு நிரப்பிய மெத்தையில் குரல் மட்டும் முன்னால் வந்து அமர்ந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வாசித்த வாத்தியக்காரர்கள், இரண்டு பாடகர்களுக்குப் பக்கவாத்தியக்காரர்களானார்கள். 80களின் மலாய்ப் பாட்டு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. பழைய ரசிகனின் காது இந்த இழப்பைச் சரியாகப் பிடித்தது. ‘விலைபோய்ட்டாங்க’ என்று அதற்கு அவர் கொடுத்த விளக்கம்தான் தவறு. காது சொன்னதை நம்புங்கள். வாய் சொல்வதைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள்.

இந்தக் குழப்பம் நம்மோடு நிற்கவில்லை. உலகத்திலேயே பேர்போன ரசிகச் சண்டை அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுடையது. 1965 ஜூலை 25ஆம் தேதி, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அதுவரை மேடைகளில் சாதாரணக் கித்தாரும் வாய் ஆர்மோனிக்காவுமாக எதிர்ப்புப் பாட்டுப் பாடியவர், அன்றைக்கு மின் கித்தாரோடு ஒரு குழுவையும் கூட்டிக்கொண்டு ஏறினார். கூட்டத்தில் ஊளைச் சத்தம். எதற்காகக் கத்தினார்கள் என்பதில் இன்றுவரை சண்டை: பாணி மாறியதற்காகவா, ஒலி அமைப்பு கெட்டு வார்த்தையே கேட்காமல் போனதற்காகவா, மூன்றே பாட்டோடு இறங்கிவிட்டதற்காகவா? அடுத்த ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு கச்சேரியையும் இரண்டாகப் பிரித்தார். முதல் பாதி தனியாக, பழைய மாதிரி. இரண்டாம் பாதி குழுவோடு, சத்தமாக. ஜனங்கள் சீட்டு வாங்கி, முதல் பாதிக்குக் கை தட்டி, இரண்டாம் பாதிக்குத் திட்டுவதற்காகவே உட்கார்ந்திருந்தார்கள். 1966 மே 17இல் மான்செஸ்டரில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒருவர் ‘யூதாஸ்!’ என்று கத்தினார். ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயர். டிலன் ‘நீ சொல்வதை நான் நம்பவில்லை’ என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டு, சத்தமாக வாசிக்கும்படி குழுவுக்குச் சொன்னார். அந்தப் பதிவு திருட்டுத் தட்டாக உலகமெல்லாம் சுற்றியது. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடந்தது என்று உறையில் தவறாகப் போட்டிருந்தார்கள். முறையான வெளியீடு வந்ததே 1998இல்.

எனக்கு இதில் பிடித்த செய்தி வேறு. அதே டிலன் 1959இல் பள்ளி முடிக்கும்போது, ஆண்டு மலரில் எதிர்கால ஆசை என்ற இடத்தில், லிட்டில் ரிச்சர்டோடு சேர வேண்டும் என்று போட்டிருந்தார். லிட்டில் ரிச்சர்டு பியானோவை உதைத்துக்கொண்டு ராக் அண்ட் ரோல் பாடியவர். அதாவது டிலனுடைய முதல் காதல் ராக்தான். நாட்டுப்புறப் பாட்டுக்கு வந்ததே ஒரு மாற்றம். ‘துரோகம்’ என்று நியூபோர்ட்டில் கத்தியவர்கள் கண்டது, ஒருவன் தன் பழைய வீட்டுக்குத் திரும்பிய நாளை. அவர்கள் வந்து சேர்ந்தது நடுவில்.

மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்கள் கதை இன்னும் வேடிக்கை. ‘இந்த நாளில்தான் கெட்டுப் போனார்கள்’ என்பதற்கு அவர்களிடம் ஒரு தேதி கிடையாது, வரிசையாகப் பல தேதிகள் உண்டு. 1983இல் முதல் தட்டு. 1984இல் இரண்டாவது தட்டிலேயே மெதுவான பாட்டு ஒன்றை வைத்தார்கள் என்று ஒரு கூட்டம் முறைத்தது. வீடியோவே எடுக்க மாட்டோம் என்று இருந்தவர்கள் 80களின் கடைசியில் எடுத்தார்கள் என்று இன்னொரு கூட்டம். 1991இன் கறுப்பு உறைத் தட்டு வேகம் தணிந்து கோடிக்கணக்கில் விற்றது என்று வேறொரு கூட்டம். 1996இல் ‘லோட்’ வந்தபோது முடியையே வெட்டிக்கொண்டார்கள் என்று மிச்சமிருந்தவர்களும் போனார்கள். ஒவ்வொரு வயதுக்காரனுக்கும் அவனவன் துரோக நாள்.

முடி என்றதும் நம் நாட்டு ராக்கை விட்டுவிட்டுப் போக முடியாது. 1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய ‘செர்ச்’ குழு, 1989இல் ‘இசபெல்லா’ என்ற மெதுவான பாட்டைக் கொடுத்தது. கனமான ராக் கேட்க வந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நாடு முழுக்கவும் இந்தோனேசியாவும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடின. 1992இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை என்று தகவல் அமைச்சு முடிவெடுத்தபோது, ‘செர்ச்’ ‘விங்ஸ்’ பாடகர்களின் முடியை அமைச்சர் முகமட் ரஹ்மாட்டே கேமரா முன்னால் கத்தரித்தார். ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அழுதவர்கள் உண்டு. ரசிகன் காதால் மட்டும் கேட்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது இரண்டாவது வழக்கு. ‘தமிழில் ஏன் பாடவில்லை?’ இது கொஞ்சம் வலிக்கிற கேள்வி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 1970களிலும் 80களிலும் இந்த நாட்டுத் தமிழர் தமிழில் எதைக் கேட்டோம்? மெட்ராஸிலிருந்து வந்த சினிமாப் பாட்டை. வானொலி அதைத்தான் போட்டது, கடைக்காரர் அதைத்தான் விற்றார், கல்யாண வீட்டில் அதைத்தான் வாசிக்கச் சொன்னோம். பத்துப் பதினைந்து பேர் கொண்ட உள்ளூர் இசைக்குழுக்கள் வார இறுதி தவறாமல் மேடை ஏறின. ஏறி என்ன வாசித்தார்கள்? எம்.எஸ்.வி., பிறகு இளையராஜா. சொந்த மெட்டு ஒன்றை நடுவில் செருகினால் முன்வரிசையிலிருந்தே சினிமாப் பாட்டுக்குக் குரல் வரும். ஆங்கிலக் கிளப்பில் துண்டுச் சீட்டு எழுதிய வெள்ளைக்காரனுக்கும், தமிழ்க் கல்யாணத்தில் துண்டுச் சீட்டு எழுதிய நமக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது தன் ஊர்ப் பாட்டைக் கேட்டான். நாம் கடல் கடந்து வந்த பாட்டைத்தான் நம் பாட்டு என்றோம். உள்ளூர்த் தமிழ்ப் பாட்டுக்குப் பணம் போட எந்த நிறுவனம் முன்வரும்? அதே காலத்தில் மலாய்ப் பாட்டுக்குச் சந்தை விரிந்துகொண்டிருந்தது. தேசிய மொழிச் சட்டம் 1967, தேசியப் பண்பாட்டுக் கொள்கை 1971 என்று நாடே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பிகள் அதில் ஏறினார்கள். ஏறினதோடு நிற்கவில்லை, முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள். ஆறுமுகம் என்ற பெயரை மாற்றிக்கொள்ளாமலே மலாய் வீடுகளின் கூடத்தில் போய் உட்கார்ந்த தமிழர்கள் எத்தனை பேர்? அவர்களைக் குற்றக் கூண்டில் நிறுத்துவதற்கு முன், அதே கூண்டில் நமக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

இலங்கையை ஒரு நொடி பாருங்கள். அங்கே 1960களிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலாத் தாளத்தில் தமிழ்ப் பொப் பாட்டுப் பாடினார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழ்நாட்டையே ஆட வைத்தது. இலங்கை வானொலி உள்ளூர்க் கலைஞனுக்கு இடம் கொடுத்தது, அங்குள்ள தமிழன் தன் ஊர்ப் பாட்டு என்று அதைக் கொண்டாடினான். பாடுகிறவன் இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவனும் வேண்டும்.

இங்கே அந்தக் கேட்கிறவன் உருவாக 90களின் இறுதி ஆகிவிட்டது. ‘பொயட்டிக் அம்மோ’ குழு 1998இல் முதல் தட்டு போட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் நான்கும் அவர்கள் ராப்பில் புழங்கின. அதிலிருந்த யோகி பி, பிறகு ‘நட்சத்திரா’ குழுவோடு முழுக்கத் தமிழுக்கு வந்தார். 2006இல் ‘வல்லவன்’. அந்தத் தட்டில் வந்த ‘மடை திறந்து’ பாட்டைச் சுற்றி எழுந்த சண்டையை இங்குள்ள நாற்பது வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை எடுத்து அதன்மேல் ராப் போட்டிருந்தார்கள். ராஜா ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய ‘பொயட்டிக் அம்மோ’ ரசிகர்களில் சிலருக்கு வேறு கோபம்: ஆங்கிலத்தில் உலகத் தரத்துக்குப் போக வேண்டியவர் சினிமாப் பாட்டுக்குள் ஒதுங்கிவிட்டார் என்று. இரண்டு கட்சியும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே ஆளை அடித்தன. நடுவில் தோட்டத்திலிருந்து பெயர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த பிள்ளைகள், தங்கள் பேச்சுத் தமிழ் முதல்முறையாக ஒலிபெருக்கியில் வருகிறதென்று துள்ளினார்கள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டில் ராஜாவின் மெட்டு வாசல்படி. உள்ளே இருந்தது அவர்கள் சொந்த வரி. வாசல்படியோடு நின்று சண்டை போட்டவர்கள் உள்ளே போகவே இல்லை. யோகி பி குழுவினர் திறந்த வழியில் தமிழ் சினிமாவே பிறகு மலேசியாவைத் தேடி வந்தது. ‘ஆடுகளம்’ (2011), ‘காலா’ (2018) ஆகிய படங்களில் யோகி பி-யின் குரல் இருக்கிறது. அங்கேயிருந்து வாங்கிக் கேட்டே பழகிய ஊர், அங்கே அனுப்பவும் செய்தது. நம் இசை வரலாற்றில் இது சின்னச் செய்தி அல்ல. நாம்தான் அதை இன்னும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை.

ராஜா ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் அந்தக் கூட்டம்தான். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது எம்.எஸ்.வி. ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கியதை நம் அப்பாக்கள் சொல்லியிருக்கிறார்கள். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ‘கம்ப்யூட்டர் பாட்டு’ என்று உதட்டைப் பிதுக்கியது நாம். இன்னும் பின்னால் போனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் வயலின் என்ற வெள்ளைக்கார வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியை மரபு மீறல் என்று நாமே சொல்வோம்.

இதனால் எல்லா மாற்றமும் நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சோம்பேறித்தனமான முடிவு. தைப்பூசத்தில் உறுமி மேளம் பற்றி ஆண்டுதோறும் நடக்கும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காவடிக்கு முன்னால் உறுமி வாசிக்கும் இளைஞர் குழுக்கள் சினிமா மெட்டைச் சேர்க்கிறார்கள், வேகத்தைக் கூட்டுகிறார்கள். பெரியவர்கள் ‘கோயிலைக் கூத்தாக்கிட்டாங்க’ என்கிறார்கள். பிள்ளைகள் ‘நாங்க இல்லன்னா யாரு வருவா?’ என்கிறார்கள். தண்ணீர்மலைச் சாலையில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு குழு சினிமா மெட்டை எடுத்தாலும் காவடி எடுப்பவரின் காலைப் பார்த்து வாசித்தது. அவர் நின்றால் தாளம் நின்றது, அவர் ஆடினால் தாளம் எழுந்தது. பக்கத்திலேயே இன்னொரு குழு யாரையும் பார்க்காமல், கைப்பேசியில் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொண்டு வாசித்தது. முதல் குழுவின் மாற்றத்தை நான் ஏற்பேன். இரண்டாவது குழு பழைய மெட்டையே வாசித்திருந்தாலும் ஏற்க மாட்டேன். ஆலிகேட்ஸுக்கு நான் வைத்த அளவுகோலும் இதுதான்: யாருக்காக, எந்த வேலைக்காக வாசிக்கிறோம் என்பது கையில் இருக்கிறதா? பாடுகிறவன் பாட்டுக்குள் இருக்கிறானா?

அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஆலிகேட்ஸ் விலைபோகவில்லை என்பதே என் தீர்ப்பு. 70களில் அவர்கள் கூலிக்கு வாசித்தார்கள்; அதை மிக நேர்மையாக, மிகத் திறமையாகச் செய்தார்கள். மலாய்ப் பாட்டுக்கு வந்தபோதுதான் சொந்தக் கடை வைத்தார்கள். அந்தக் கடையில் பழைய மேடையின் அதிர்வு குறைந்தது உண்மை. மேசையைத் தட்டிய அண்ணனின் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த வருத்தத்தைக் குற்றப் பத்திரிகையாக எழுத நான் தயாரில்லை.

பினாங்கே பெற்ற இன்னொரு மகனையும் இதற்குச் சாட்சியாக அழைக்கிறேன். மலாய்த் திரையின் நடிகரும் பாடகருமான பி. ரம்லி, 1929இல் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். 1960களில் பீட்டில்ஸ் காற்று அடித்து, ‘பாப் யே யே’ என்ற கித்தார்க் குழுக்கள் எழுந்தபோது, அதுவரை அவரைத் தலையில் தூக்கி ஆடியவர்களே ‘பழைய ஆள்’ என்று ஒதுக்கினார்கள். அவர் மாறாமலும் இல்லை. 1964இல் வந்த ‘தீகா அப்துல்’ படத்தில் கித்தார் பாட்டு ஒன்றைத் தானே ட்விஸ்ட் தாளத்தில் பாடிக் காட்டினார். மாறினாலும் பேச்சு, மாறாவிட்டாலும் பேச்சு. 1973இல் பணக்கஷ்டத்தோடுதான் மறைந்தார். இப்போது அவர் பெயரில் சாலையும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ரசிகன் தன் சண்டையை முடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் கலைஞன் போய்ச் சேர்ந்துவிடுகிறான்.

ஆகவே, இங்குள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பக்காப் வட்டாரத்தில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கிளப்புக்கும் வாசித்த எத்தனையோ குழுக்கள் இருந்தன. அவர்களில் பலர் நம்மோடு இருக்கிறார்கள். சிலர் இந்த மண்டபத்திலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அடையாளம் தெரிகிறது. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கேசட், துண்டறிக்கை, குழுவோடு எடுத்த படம், துண்டுச் சீட்டுகளைச் செருகி வைத்த பாட்டு நோட்டு என்று எது கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கேசட்டின் நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் பிள்ளைகளை விட்டுக் கணினியில் ஏற்றுங்கள். படத்தின் பின்பக்கம் யார் யார், எந்த ஆண்டு, எந்த மேடை என்று பென்சிலால் எழுதிவைத்து, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒரு படியைக் கொடுங்கள். டிரம்ஸ் வாசித்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். எப்போதும் விட்டுப்போவது அவர் பெயர்தான்.